யாரும் தொடாத சுவர்

பாகான் டாலாம்,
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும் ஜெகதீஸ்வரி எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்க, தலைச்சுத்தல் பரவால்ல. ஜொகூர்ல பாப்பாவுக்குப் பல் முளைச்சிடுச்சாமே! கடிக்குதா? போட்டோ அனுப்புங்க.

ஏன் போன் பண்ணாம ஈமெயில்ல இவ்வளவு நீளமா எழுதறேன்னு கேப்பீங்க. நம்ம ஃபிளாட்டுல நான் போன்ல மூச்சு விட்டாலே அம்மாவுக்குக் கேட்டுடும். அப்புறம் மறுபடி பிரஷர் ஏறும். விஷயம் அப்படி. என் சேம்பிளை யாரோ தொடறாங்க அண்ணி.

அண்ணே, "என்னா சேம்பிள், என்னா சுவர்"னு அண்ணியைப் போட்டுப் படுத்துவீங்க, அதனால உங்களுக்கு நானே சொல்லிடறேன். என்கிட்ட இருக்கிறது நகம் அளவு ஒரு சில்லு. அதுமேல ஃபெர்ரோஎலெக்ட்ரிக் படலம் பூசியிருக்கு. ஒரு கல்யாண மண்டபத்துல பாதிக் கூட்டம் மேடையைப் பார்த்தும், பாதிக் கூட்டம் பந்திக் கதவைப் பார்த்துத் திரும்பியும் உட்காந்திருக்குன்னு வைங்க. ரெண்டு கூட்டமும் சந்திக்கிற கோடு இருக்குல்ல, அதைத்தான் நாங்க சுவர்னு சொல்றோம். வோல்டேஜ் குடுத்தா அந்தக் கோட்டுல இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் திரும்புவாங்க. ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல, ஆனா கோடு நகர்ந்துடும். அவ்வளவுதான் சுவர் நகர்றதுன்னா.

அந்தச் சுவரை மெல்லிசான ஊசி முனையால தடவித்தான் படம் எடுப்போம். முனையிலயும் ஒரு துளி வோல்டேஜ் ஓடும். அந்தத் துளிக்கெல்லாம் சுவர் அசையாதுன்னு நிரூபிச்சதே நம்ம அண்ணிதான். இன்னைக்கும் அண்ணி படிச்ச எங்க லேப்ல, அவங்க தீசிஸ்ல இருக்கிற வோல்டேஜை வச்சுத்தான் அளக்கிறோம். பெருமையா இருக்குல்ல?

இப்போ பாருங்க. சாயங்காலம் படம் எடுத்து வச்சிட்டு பினாங்குல இருந்து வீட்டுக்கு ஃபெர்ரி ஏறுறேன். காலையில வந்து எடுத்தா சுவர் தள்ளி நிக்குது. கொஞ்சம்தான், ஆனா தள்ளித்தான் நிக்குது. லேப் கதவைத் திறக்கிற கார்டு ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு, நான், அப்புறம் ஐனா. டிசம்பர்ல எங்க ரெண்டு பேரோட கான்டிராக்டும் முடியுது. அதுக்கப்புறம் நிரந்தர வேலை ஒண்ணே ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க, நான் என்ன நினைக்கிறது?

அண்ணன் வேலைக்குப் போய் வர்ற வழியில மழையில நனையாம பார்த்துக்குங்க.

உங்க அன்பு,
ஜெகா


ஜொகூர் பாரு,
10 ஜூன் 2025

அன்பு ஜெகாவுக்கு, இங்கே மூவரும் நலம். பாப்பா கடிக்கிறாள், உன் அண்ணனைத்தான் அதிகம். அத்தையிடம் உப்பைக் குறைக்கச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்கேன் எடுக்கிறாய்? படம் எடுக்கும்போது ஊசியில் வோல்டேஜ் எவ்வளவு? நம் லேப் தலைவர் டாக்டரிடம் சொல்லிவிட்டாயா? இவற்றுக்கு உடனே பதில் போடு.

இனிமேல் என் காலேஜ் ஈமெயிலுக்கே எழுது. வீட்டு ஈமெயிலை உன் அண்ணன் படித்துவிட்டு அத்தையிடம் அப்படியே ஒப்பித்துவிடுவார்.

அன்புடன்,
ஹேமா


பாகான் டாலாம்,
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு, சுகம், சுகமறிய ஆவல். அம்மா உப்பில்லாத சாம்பாரை என்மேல ஊத்தாத குறை.

நீங்க கேட்டதுக்குப் பதில். வோல்டேஜ் உங்க தீசிஸ்ல உள்ளது அச்சு அசலா அதேதான். டாக்டர் ஷேக் அலாவுதீன்கிட்ட இன்னும் வாயைத் திறக்கல, கையில ஆதாரம் வேணும்ல. முன்னெல்லாம் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுதான் ஸ்கேன். இப்போ விடுவேனா? காலை, பத்து மணி டீக்கு முன்னாடி, பின்னாடி, மத்தியானம் சாப்பிடப் போகும்போது, வந்ததும், டாய்லெட் போயிட்டு வந்தாக்கூட ஒண்ணு. எந்த நேரத்துல கை வைக்கிறான்னு பிடிச்சிடணும்.

பிடிச்சேன் பாருங்க! நான் காவல் காக்க ஆரம்பிச்சதும் சுவர் இன்னும் அதிகமா நகருது. வேணும்னே பண்ற மாதிரி! போன வாரம் ஐனா சொந்த ஊர்க் கம்பத்துல அக்கா கல்யாணம்னு ரெண்டு நாள் லீவு. நானும் அப்பாடான்னு பழையபடி காலையும் சாயங்காலமும் மட்டும் பார்த்தேன். கொஞ்சூண்டுதான் நகர்ந்திருந்துச்சு. அவ திரும்பி வந்த அன்னைக்கே மறுபடி எகிறிடுச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?

இதுல அவ எனக்கு நாசி லெமாக் சோறு தப்பாவ் பொட்டலம் வேற வாங்கிட்டு வர்றா. "காக் ஜெகா, மெலிஞ்சு போயிட்டீங்க, சாப்பிடுங்க"ன்னு. என்னத்துக்கு இந்தத் திடீர் அக்கா பாசம்? நான் அதைத் தொடல. தம்ளரைக்கூடக் கழுவித்தான் தண்ணி குடிக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க. பாப்பாவுக்கு முத்தம்.

ஜெகா


ஜொகூர் பாரு,
27 ஜூலை 2025

அன்பு ஜெகா, நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல், காலேஜில் பரீட்சைத் தாள் திருத்தம், ஒன்று மாற்றி ஒன்று. ஜனவரியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு டாக்டர்தான் சிபாரிசு எழுதுகிறார், அந்த ஓட்டம் வேறு.

நான் லேப்பை விட்டுக் கிளம்பிய வருடம்தான் ஐனா சேர்ந்தாள். ஊசி மாட்டுவதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். ஆனால் இத்தனை வருடத்தில் ஆட்கள் மாறுவார்கள். அவள் லீவில் இருந்தபோது அதிகம் நகரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் யாரையும் சொல்லவில்லை. நீ ஜாக்கிரதையாக இரு.

அத்தைக்கு என் அன்பைச் சொல்.

ஹேமா


பாகான் டாலாம்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா? இங்க எல்லாரும் சுகம்.

உங்க லெட்டரைப் பார்த்ததும் தைரியம் வந்துச்சு. என் அண்ணியே சொல்றாங்க, இனிமே என்னன்னு நேரா டாக்டர்கிட்ட போய்ட்டேன். எல்லா படத்தையும் வரிசையா வச்சேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, மாட்டினாரு, மறுபடி துடைச்சாரு. "வேற யாருக்கும் தெரிய வேணாம்"னு சொன்னாரு. மறுநாள் ஐனாவோட கார்டு வேலை செய்யல. கீழ் மாடியில ஸ்டோர் கணக்குப் பார்க்கிற மேசையில உட்கார வச்சிட்டாங்க.

அவ சண்டை போடுவான்னு பார்த்தேன். போடல. கார்டைக் கதவுல ரெண்டு தடவை வச்சுப் பார்த்தா, என்னைப் பார்த்தா, இறங்கிப் போயிட்டா. ஜெயிச்ச மாதிரிதான் இருக்கணும், ஆனா இல்ல அண்ணி. நான் பண்ணது சரிதானே? ஒரு வரி எழுதுங்க.

ஜெகா


பாகான் டாலாம்,
24 ஆகஸ்ட் 2025

அண்ணி, சுகமா? பதிலே காணோம். வாட்ஸ்அப்புல ரெண்டு நீலக் கோடு விழுது, ஆனா வார்த்தை வரல. அண்ணன்கிட்ட பேசினா "அவ பிஸி"ன்னு வச்சிடுது.

சுவர் இன்னும் நகருது.

இப்போ கார்டு என்கிட்ட மட்டும்தான். ஜன்னல் கிடையாது. கூட்ட வர்ற அக்காவைக்கூட நான் இருக்கும்போதுதான் உள்ள விடறேன். சேம்பிளை எடுத்து என் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டுப் போறேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்காத குறையா ஸ்கேன் மேல ஸ்கேன் எடுக்கிறேன். இந்த மாசம் நகர்ந்த மாதிரி எந்த மாசமும் நகர்ந்ததில்ல. ஐனா கீழ் மாடியில பேனா எண்ணிக்கிட்டு இருக்கா. அப்போ யாரு? பேயா? எனக்குப் பயமா இருக்கு. சுவரை நினைச்சு இல்ல, நான் பண்ணிட்டதை நினைச்சு.

தயவுசெஞ்சு எழுதுங்க.

ஜெகா


ஜொகூர் பாரு,
2 செப்டம்பர் 2025

அன்பு ஜெகாவுக்கு, நலமே விளைக. பயப்பட ஒன்றுமில்லை. பினாங்கில் போன மாதம் மழை அதிகம், ஏர்கோனை நிறுத்தியிருப்பார்கள், காற்றில் ஈரம் ஏறியிருக்கும். அந்தச் சில்லை எடுத்து வைத்துவிட்டு வேறு ஒன்றில் தொடங்கு. பழையதைப் பற்றி டாக்டரிடம் மறுபடி பேசப் போகாதே, அவர் கோபப்படுவார்.

தீபாவளி நெருங்குகிறது. லிட்டில் இந்தியா போனால் எனக்கு மயில்கழுத்து நிறத்தில் பிளவுஸ் துணி பார்த்து வை. இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை.

ஹேமா


பாகான் டாலாம்,
28 செப்டம்பர் 2025

அண்ணிக்கு, அம்மாவும் நானும் சுகம். நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும்னு அம்மா சாமி கும்பிடுது. பிளவுஸ் துணி வாங்கியாச்சு.

ஈரம் இல்ல அண்ணி. ஈரமானி மாட்டிப் பார்த்துட்டேன். அதனால ஒரு வேலை பண்ணினேன். புதுச் சில்லு ஒண்ணு எடுத்து, அதுல ரெண்டு சுவர் உண்டாக்கினேன், பக்கத்துப் பக்கத்துல. ஒரே படலம், ஒரே ஈரம், ஒரே டிராயர். ஒரு சுவரை என் வழக்கப்படி விடாம ஸ்கேன் எடுத்தேன். இன்னொன்னைப் போட்டது போட்டபடி ஒரு வாரம் திரும்பிக்கூடப் பார்க்கல. கை அரிச்சுது, ஆனா பார்க்கல. வெள்ளிக்கிழமை ரெண்டையும் படம் எடுத்தேன்.

பார்க்காத சுவர் வச்ச இடத்துல அப்படியே நின்னுச்சு. பார்த்துக்கிட்டே இருந்த சுவர் தள்ளிப் போயிடுச்சு.

ஊசியிலதான் விஷயம். ஒவ்வொரு தடவை தடவும்போதும் அந்தத் துளி வோல்டேஜ் சுவரைத் தள்ளுது. படலத்துல எங்கயாச்சும் ஒரு குறை இருந்தா சுவர் அங்க மாட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணும் ஆகலன்னு நினைப்போம். தடவத் தடவ பிடி விட்டு டக்குனு அடுத்த குறைக்குத் தாவிடும். ஒரு தடவை பார்த்தா ஒண்ணும் தெரியாது. நான் நாள் பூரா பார்த்தேன். ஐனா இருக்கான்னு சந்தேகப்பட்டுப் பார்த்தேன், பார்க்கப் பார்க்க நகர்ந்துச்சு, நகர நகர சந்தேகம் ஏறுச்சு, இன்னும் பார்த்தேன். அவ லீவு போன ரெண்டு நாள் சும்மா இருந்தேன், சுவரும் கிட்டத்தட்ட சும்மா இருந்துச்சு. என் சேம்பிளைத் தொட்டது நான்தான். பாவி நான்தான்!

இது எனக்கு முதல் நாளே தோணியிருக்கணும். ஏன் தோணல? என் அண்ணி நிரூபிச்சிருக்காங்க, எத்தனை தடவை ஸ்கேன் எடுத்தாலும் இந்த வோல்டேஜுக்கு சுவர் அசையாதுன்னு. அதனால ஊசி மேல மட்டும் எனக்குச் சந்தேகமே வரல. மனுஷி மேல வந்துச்சு.

அதே படலம், அதே வோல்டேஜ், அதே மெஷின். மூணு சில்லுல திருப்பித் திருப்பி செஞ்சு பார்த்துட்டேன், மூணுலயும் நகருது. உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி நகராம நின்னுச்சு?

இன்னொன்னும் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. சேம்பிளை யாரோ தொடறாங்கன்னு நான் எழுதினதும் நீங்க கேட்ட முதல் கேள்வி "யாரு"ன்னு இல்ல. "எத்தனை தடவை ஸ்கேன் எடுக்கிற"ன்னு. தெரியாதவங்க அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாங்க. கேட்டீங்க, பதில் வந்துச்சு, அப்புறம் ஒரு மாசம் சத்தமே இல்ல. அப்புறம் "ஆட்கள் மாறுவார்கள்". அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் டாக்டர் ரூமுக்குப் போனேன். ஊசி மாட்டக் கத்துக்குடுத்த பொண்ணை எப்படி அண்ணி என் வாயாலயே தள்ளி விட்டீங்க? நினைச்சா உடம்பெல்லாம் எரியுது.

இல்ல, நான்தான் மறுபடியும் தப்பா சந்தேகப்படறேன்னா அதையாவது எழுதுங்க. உங்க கால்ல விழுறேன்.

ஜெகா


ஜொகூர் பாரு,
18 அக்டோபர் 2025

அன்பு ஜெகாவுக்கும் அத்தைக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள். எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சந்தோஷமாக இருங்கள். உனக்கும் அத்தைக்கும் சேலை அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா? இந்த வருடம் எங்களால் வர முடியாது. பாப்பாவுக்கு நெடுந்தூரப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை.

உன் கடிதத்தில் உள்ள கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். ஊசி பிடிக்கிற பாகத்தில் மின்கசிவு, கருவிக் கோளாறு என்று டாக்டருக்கு எழுதிவிடு. பழைய மெஷின்தானே, யாரும் கேட்கமாட்டார்கள். ஐனா மேல் இருக்கிற பழி போய்விடும். உன் மேலும் தப்பில்லை என்று ஆகும். வேறு யாருடைய பெயரும் வரவேண்டியதில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் அண்ணனுக்கு மே மாதமே வேலை போய்விட்டது. தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாசார் கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இப்போது வீடு என் ஒரு வேலையில்தான் நிற்கிறது. நீ புத்திசாலி. நன்றாக யோசி.

ஹேமா


பாகான் டாலாம்,
8 நவம்பர் 2025

அண்ணிக்கு, சேலை வந்துச்சு. அம்மா கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போச்சு. என்னுது பெட்டியில இருக்கு. எல்லாரும் சுகம்னு எழுதறது வழக்கம், ஆனா எனக்குச் சுகமில்ல.

அண்ணன் விஷயம் படிச்சிட்டு பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். லூசு அண்ணன், எங்ககிட்ட சொன்னா என்னவாம்? அதை இங்க வரச் சொல்லுங்க. பட்டர்வொர்த்துல வேலை தேடலாம், அம்மா பாப்பாவைப் பார்த்துக்கும். ஆனா அண்ணி, அதையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அண்ணனுக்கு வேலை போனது ஐனா தப்பு இல்ல.

போன சனிக்கிழமை பாலிக் பூலாவ் போனேன், அவ வீட்டுக்கு. படங்களை எடுத்துக்கிட்டுப் போய், ரெண்டு சுவரையும் காட்டி, மொத்தத்தையும் மலாய்லயே சொன்னேன். அவ அம்மா தேத்தண்ணி கொண்டாந்து வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. முடிச்சதும் ஐனா படத்தைத்தான் முதல்ல கையில எடுத்தா. "நல்லா அளந்திருக்கீங்க காக்"னு சொன்னா. நான் அழுதுட்டேன். அப்புறம் அவ சொன்னா, "உங்களுக்கு என்மேல சந்தேகம்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும். உங்க மேசையைத் தாண்டும்போதெல்லாம் ரெண்டு கையையும் லேப் கோட்டுப் பையில விட்டுக்கிட்டுத்தான் நடப்பேன், நீங்க பார்க்கணும்னு. ஒரு நாள் தடுமாறிக் கீழ விழப் போனேன், அப்பக்கூட கையை வெளிய எடுக்கல."

அவ திரும்பி வர மாட்டா. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபாக்டரியில வேலைக்குச் சேர்ந்துட்டா. அந்த நிரந்தர வேலைக்கு இப்போ நான் ஒருத்திதான் பாக்கி. எச்சில் இலையைக் கையில குடுத்த மாதிரி இருக்கு.

கருவிக் கோளாறுன்னு எழுத மாட்டேன். அப்படி எழுதினா புது மெஷின் வரும், அதுலயும் உங்க வோல்டேஜை வச்சே அளப்பாங்க, சுவர் நகரும், இன்னொருத்தி கார்டு கதவுல வேலை செய்யாமப் போகும். ரிப்போர்ட்டுல உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். உங்க தீசிஸ் பேரைப் போட்டு, அந்த முடிவு திரும்ப வரலன்னு ஒரு வரி. அதுக்கு மேல உங்களைப் பத்தி ஒரு சொல் இல்ல. முதல் பிரதியை ஐனா கையில குடுத்துட்டுத்தான் டாக்டருக்கு அனுப்பினேன். அவரு திங்கட்கிழமை உங்களைக் கூப்பிடுவாரு. அவரா கேக்கறதுக்கு முந்தி நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் உங்களை வெறுக்கல. வெறுக்க முடிஞ்சா எவ்வளவோ நிம்மதியா இருக்கும்.

பாப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்குங்க.

ஜெகா


ஜொகூர் பாரு,
12 நவம்பர் 2025

அன்பு ஜெகா, அத்தை நலமா? நீ சாப்பிடுகிறாயா?

திங்கட்கிழமை டாக்டர் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன். என்ன பேசினோம் என்று என்னைக் கேட்காதே, அவர் சொல்வார். சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

என் சுவரும் அன்றைக்கு நகர்ந்தது, அதை மறைத்துவிட்டேன் என்று உன் அண்ணனிடமும் சொன்னேன். மறுநாள் காலையில் சட்டை போட்டார், வெளியே போகவில்லை. "எனக்கு வேலை போனதை நீ மறைச்சே, இதையும் நீயே சுமந்தியா" என்று கேட்டார்.

ஐனாவின் நம்பர் பழைய லேப் குரூப்பில் இருந்தது. மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. நேற்று ஒரு தடவை எடுத்தாள். நான் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாள்.

அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மெசேஜில் எழுதி முடிக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், சனிக்கிழமை காலையில் பட்டர்வொர்த் வந்து சேருவேன். பாப்பாவை உன் அண்ணன் பார்த்துக்கொள்வார். அத்தையிடம் காரணம் எதுவும் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

பாலிக் பூலாவ் வீட்டு வாசல் வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போ. உள்ளே நான் தனியாகப் போகிறேன்.

ஹேமா